இடது பக்கம் இழுக்கிறது

மேட்டுப்பாளையத்து மே மாத வெயில் தகரக் கூரையைத் தாண்டி நேரே உச்சந்தலையில் இறங்குகிறது. இந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. நான் அசைந்தால் அதுவும் அசைகிறது, அசையாமல் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, இங்கே உட்கார்ந்து மட்டும் தூங்கவே கூடாது, குப்புராஜண்ணன் பார்த்துவிடுவார். அவர் எங்கள் பள்ளிக்கூட வேனுக்கு அடியில் குழிக்குள் நிற்கிறார், வழுக்கைத் தலை மட்டும் தெரிகிறது, அதில் கிரீஸ் ஒரு கோடு. முன்சக்கரம் இரண்டிலும் அலைன்மென்ட் பார்க்கிற தட்டுகளை மாட்டியாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் திரையில் கட்டங்கள் வரும். பச்சை வந்தால் சக்கரம் நேராக இருக்கிறது, சிவப்பு வந்தால் கோணல். பத்து வருஷமாக இதே கடைக்கு வருகிறேன், பத்து வருஷமும் பச்சைக்குத்தான் வேண்டியிருக்கிறேன். மலையில் ஓடுகிற வண்டிக்கு ஸ்டியரிங் ஒரு நிமிஷம் நேராக நிற்பதில்லை, வளைத்து வளைத்து முன்பக்கத்துச் சாமான் எல்லாம் சீக்கிரமே லொடலொடவென்று ஆகிவிடும், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் பார்ப்பார்கள், அதற்கு முன்னால் கோத்தகிரியிலிருந்து எல்லா வேனும் இங்கே இறங்கி வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு போகும், இது வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் நான் சிவப்புக்கு வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாதாவே, சிவப்பு காட்டு. கொஞ்சமாவது காட்டு, ஒரு கட்டத்திலாவது காட்டு. தன் வண்டி கோணலாக இருக்க வேண்டும் என்று எந்த டிரைவராவது வேண்டுவாளா, எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது. காலடியில் புது சாமான் டப்பாக்கள் மூன்று கிடக்கின்றன, பள்ளிக்கூடத்தில் வாங்கிக் கொடுத்து அனுப்பியது, டைராடு எண்டு, பால் ஜாயிண்ட், புஷ். ஸ்டியரிங் சொல்வதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சாமான்கள். எல்லாவற்றையும் மாற்றிவிடு என்று கரஸ்பாண்டன்ட் சார் சொல்லிவிட்டார். மாற்றிவிட்டால் கதை முடிந்தது. பழசு கெட்டுப்போயிருந்தது, புதுசு போட்டாயிற்று, பிலோமினா பிழைத்தாள்.

இழுத்தது. இடது பக்கம் இழுத்தது. அப்படித்தான் சொன்னேன், முதல் வாக்கியமே அதுதான், வேனை விட்டு இறங்கி நிற்கக் கால் பதியவில்லை, அதற்குள் வாய் சொல்லிவிட்டது, ஸ்டியரிங் இழுத்துடுச்சு. ஏப்ரல் மூன்றாவது வியாழக்கிழமை, மூன்றே முக்கால் மணி, பரீட்சை நடந்துகொண்டிருந்த வாரம். ஆயா முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாள், அவள் வீடு அங்கே. பிள்ளைகள் பதினோரு பேர், எல்லாம் மேல்கரை எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள், தாய் தகப்பன் தேயிலைக் காட்டில் இருப்பார்கள், நான் கொண்டுபோய் இறக்கிவிட்டால்தான் பிள்ளை வந்தது என்று அர்த்தம். நாலாவது வளைவு. திரும்பி முடித்தாகிவிட்டது, அதுதான் எனக்கு ஆறவே இல்லை, வளைவில்கூட இல்லை, வளைவு முடிந்து நேராக இருக்கிற ரோட்டில், மேடு பள்ளம் இல்லாத ரோட்டில். வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்திருந்தது, இதமாக இருந்தது என்று ஞாபகம். அடுத்த ஞாபகம் சத்தம். இரும்பு கல்லில் தேய்கிற சத்தம், பிள்ளைகள் கத்துகிற சத்தம், என் கால் பிரேக்கில் இருக்கிறது, யார் மிதித்தது, நான்தான், எப்போது மிதித்தேன். இடது முன்சக்கரம் ரோட்டோரக் கல்வரிசையில் ஏறி நிற்கிறது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு அடி புல், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை, கீழே வெகு தூரத்தில் தேயிலை. ஒரு பையனுக்கு உதடு கிழிந்தது, அவ்வளவுதான், வேறு ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கர்த்தருடைய கை என்று என் அக்கா சொன்னாள். அப்படியென்றால் அந்த இரண்டு நொடியும் என் கை எங்கே இருந்தது? இரண்டு நொடி இருக்கும், மூன்றுகூட இருக்கலாம். நான் தூங்கிவிட்டேன். இதை நான் மனசுக்குள்ளே சொல்லிப் பார்ப்பதே இது நாலாவதோ ஐந்தாவதோ தடவைதான், சொன்னதும் உடனே அடுத்த நினைப்பு ஒன்று ஓடி வந்து அதை மறைத்துவிடும், இல்லை, லேசாக இழுத்த மாதிரிதான் இருந்தது, முந்தின நாளே ஸ்டியரிங் கனமாக இருந்ததே, காற்று குறைவாக இருந்திருக்குமோ. ஒரு மாதமாக இந்தச் சண்டைதான், நானே வக்கீல், நானே ஜட்ஜ், தீர்ப்பு மட்டும் வருவதில்லை.

ஏன் தூங்கினேன் என்று யாராவது கேட்டிருந்தால் அதையாவது சொல்லியிருப்பேன். எங்கள் ஊரில் சீசன் என்றால் ஏப்ரலும் மேயும். ஊட்டி பார்க்க ஊரே திரண்டு வரும், லைசென்ஸ் வைத்திருக்கிறவன் எவனும் அந்த இரண்டு மாதமும் கட்டிலைப் பார்க்க மாட்டான். மே மாதம் லீவு, பரவாயில்லை, ஏப்ரலில்தான் பள்ளிக்கூடமும் உண்டு சீசனும் உண்டு, இரண்டும் மோதுகிற அந்த மூன்று வாரம் எந்த மலை டிரைவரைப் பார்த்தாலும் கண் கோவைப்பழம்தான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு இன்னொருத்தர் காரை எடுத்துக்கொண்டு டூரிஸ்ட்டுகளைச் சுற்றிக் காட்டுவேன், சாயங்காலம் பிள்ளைகளை வீட்டில் சேர்த்துவிட்டு கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் யாரையாவது விட்டுவிட்டு வருவேன். பொம்பளை டிரைவர் என்றால் குடும்பமாக வருகிறவர்களுக்கு நம்பிக்கை, மேடம் நீங்க ரொம்ப நிதானமா ஓட்டறீங்க என்று போட்டோ எல்லாம் எடுத்துக்கொள்வார்கள். நிதானம். அந்த வாரம் புதன் ராத்திரி இரண்டு மணி நேரம், செவ்வாய் மூன்று, திங்கள் என்ன என்று நினைவில்லை. தூக்கத்தை விரட்ட எங்களிடம் நூறு வித்தை இருக்கிறது, பச்சை மிளகாயை நடுவில் கடித்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வது, ஈரத் துண்டைப் பிடரியில் போடுவது, கண்ணாடியை முழுசாக இறக்கிப் பனிக்காற்றில் முகத்தைக் காட்டுவது. அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் குளிருமே என்று கண்ணாடியை ஏற்றியிருந்தேன். பிள்ளைகள் மேல் அவ்வளவு அக்கறை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, வண்டிக்கு என்ன ஆச்சு. பிலோமினாவுக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றால் அதுவும் சந்தேகம்தான். பதினாறு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினவள் என்ற பேர் இருக்கிறதே, அதுதான் முன்னால் வந்து நின்று எனக்காகப் பேசியது. அந்தம்மா கையில எந்தத் தப்பும் இருக்காது சார், வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று தகப்பன்மாரே சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். வண்டியில் கோளாறு என்றால் வண்டியில் வேலை பார்த்தது யார்? பிப்ரவரியில் முன்பக்கத்து வேலை பார்த்தது யார்? கோத்தகிரியில் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக் போஜண்ணன். பேச்சு அங்கே போய் நின்றபோதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அப்போது எனக்குத் தலை சுற்றுவதாகச் சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

"பிரிக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா அளவு பாத்துக்கலாமுங்க அம்மிணி" என்று குழிக்குள்ளிருந்து குப்புராஜண்ணன் குரல் வருகிறது. "சும்மா மாத்தீட்டா போதுமுங்களா, என்னத்தால இழுத்துச்சுன்னு தெரிய வேண்டாமா." "பாருங்கண்ணா" என்கிறேன், வேறு என்ன சொல்ல. ஸ்டியரிங்கை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்கிறார், ஏறி உட்கார்ந்து திருப்புகிறேன், இறங்குகிறேன், திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. பச்சை. பச்சை. பச்சை. நாலாவது கொஞ்சம் யோசிக்கிறது, மாதாவே, அதுவும் பச்சை. மனுஷர் விடுவாரா, ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுகிறார், பக்கவாட்டில் ஆட்டுகிறார், கம்பி விட்டு நெம்புகிறார். ஆட்டம் இருந்தால் டக்டக்கென்று சத்தம் கேட்கும். கேட்கவில்லை. டயர் முன்னால் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தடவுகிறார், எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, நானும் டிரைவர்தானே, எனக்கும் தெரியுமே, ஒரு பக்கம் இழுக்கிற வண்டிக்கு டயர் ஒரு ஓரம் மட்டும் மழித்துவிட்ட மாதிரி தேய்ந்திருக்கும். இது சீராகத் தேய்ந்திருக்கிறது. ஒரு மாதமாக நானே இந்த டயரைக் குனிந்து பார்க்காமல் இருந்தேன், தினமும் தண்ணீர் அடித்துக் கழுவுகிறவள், இடது முன்டயர் வந்ததும் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கழுவினேன். "இந்த வேலை யார் செஞ்சதுங்க?" என்கிறார். "மேல கோத்தகிரியில ஒருத்தர்." "நல்ல கைங்க அவருக்கு. சுத்தமான வேலை. நம்ம கடையில செஞ்சிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது, பாத்துக்கோங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். அவருக்கென்ன, சிரிப்பார்.

சரி, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு பைபாஸ் பக்கம் எடுக்கிறார். நான் பக்கத்து சீட்டில். இந்த வேனில் இந்த சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை, இங்கிருந்து பார்த்தால் டிரைவர் முகம் இவ்வளவு பக்கத்தில் தெரிகிறது, கண் இமைப்பதுகூடத் தெரிகிறது. அந்த நினைப்பை அப்படியே தள்ளிவிட்டேன். அவர் நாற்பதில் வைத்து இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார், கும்பிடுகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டார், வேன் போகிறது, வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகிறது, ஒரு இம்மி இந்தப் பக்கம் போ, தெய்வமே, உன்னை நான் எத்தனை வருஷம் கழுவித் துடைத்திருக்கிறேன், எனக்காக ஒரு இம்மி போகக் கூடாதா. போகவில்லை. "இப்ப நீங்க ஓட்டுங்க, உங்க கைக்கு எப்படித் தெரியுதுன்னு பாக்கலாம்." ஏறினேன். இருநூறு அடி தூரம் ஒழுங்காகப் போனேன். அப்புறம் நான் செய்ததை எழுதி வைத்தால்கூட யாரும் நம்ப மாட்டார்கள். இடது கட்டை விரலால் ஸ்டியரிங் கம்பியை மெல்ல, மிக மெல்லக் கீழே அழுத்தினேன். வேன் லேசாக இடது பக்கம் ஒதுங்கியது. "பாத்தீங்களா, இழுக்குது பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர்களின் கையைப் பார்த்துப் பிழைக்கிற மனுஷர். கொஞ்ச தூரம் போனதும், "சரிங்க, திருப்பீருங்க, போலாம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், எனக்கும் வாய் உண்டு, கோத்தகிரி ஸ்டாண்டில் என் வாய்க்குப் பயந்து வழி விடுகிறவர்கள் உண்டு. திரும்பி வருகிற வழி முழுக்க என் கட்டை விரல் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கில் எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கி மடக்கி வைத்தேன்.

கடைக்கு வந்ததும் கை கழுவினார், மண்பானைத் தண்ணீர் எனக்கு ஒரு சொம்பு கொடுத்தார், மேஜை டிராயரை இழுத்து லெட்டர்பேடை எடுத்து வைத்தார். "உங்க பள்ளிக்கூடத்துல இருந்து காலையில போன் வந்துச்சுங்க. என்ன கோளாறுன்னு லெட்டர்பேடுல எழுதி, சீல் வச்சுக் குடுக்கச் சொன்னாங்க. திங்கக்கெழம பெத்தவங்க மீட்டிங்காமா, அதுல படிக்கோணுமாமா. முன்னாடி செஞ்ச வேலை சரியில்லைன்னு எழுதீருங்கன்னு அவங்களே சொல்லிப்போட்டாங்க." பேனா மூடியைத் திறந்தார், எழுதவில்லை. "நான் பாத்ததுல அப்படி ஒண்ணுமில்லீங்க. ஆனா வண்டி ஓட்டறது நீங்க. நீங்க சொல்லுங்க, என்ன எழுதட்டும்?" பேனா காகிதத்துக்கு மேலே நிற்கிறது. இந்தப் படுபாவி மனுஷர் என்னிடம் கேட்காமல் எதையாவது கிறுக்கிக் கொடுத்திருக்கக் கூடாதா. முன்னாடி செஞ்ச வேலை சரியில்லை. நாலே வார்த்தை. அந்த நாலு வார்த்தையைத் திங்கட்கிழமை மைக்கில் படித்துவிட்டால் போஜண்ணன் ஷெட்டுக்கு இனி எந்தப் பள்ளிக்கூட வண்டியும் போகாது, பள்ளிக்கூட வண்டி போகாத இடத்துக்கு எஸ்டேட் ஜீப்பும் போகாது. இப்போதே பாதி காலி, மார்க்கெட் பக்கம் போகிறபோது பார்க்கிறேன், மனுஷர் வெறும் ஷெட் வாசலில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் அந்தத் தெருவையே விட்டு ஸ்கூல் ரோடு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்து இருபது நாள் ஆகிறது. மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? வேலை போகும், சீசன் கார்க்காரரும் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்வார், தூங்கிப்போன டிரைவருக்கு அப்புறம் எவன் வண்டி கொடுப்பான். எனக்கு வேறு வேலை தெரியாது. தையல் தெரியாது, தேயிலை பறிக்க முட்டி ஒத்துக்கொள்ளாது. பெரிய பெண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் நர்சிங் படிப்பு பாக்கி. அது ஒரு பக்கம். சொல்லாமல் விட்டால் ஜூன் பத்தாம் தேதி காலையில் அதே பதினோரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே நாலாவது வளைவு. புது டைராடு எண்டு, புது பால் ஜாயிண்ட், புது புஷ், பழைய பிலோமினா.

அப்போதுதான் ஷன்மதி நினைப்பு வந்தது. வந்தது என்ன, ஒரு மாதமாக வாசலில் நின்றுகொண்டேதான் இருந்தாள், நான்தான் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் வகுப்பு, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல், எப்போதும் என் பக்கத்து சீட்டுத்தான் அவளுக்கு, மற்ற பிள்ளைகள் போடுகிற சத்தத்தில் கால்வாசிகூடப் பேச மாட்டாள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நான் கிண்டல் பண்ணுவேன். அன்றைக்கு மற்றதெல்லாம் கத்தி அழுதபோது அவள் அழவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து பரீட்சை முடிகிற வரைக்கும் நாலு நாள் அவள் வாய் ஓயவே இல்லை. ஆன்ட்டி உங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும். ஆன்ட்டி உங்க வீட்டு நாய் பேர் என்ன. ஆன்ட்டி, காட்டெருமை என்ன சாப்பிடும். ஆன்ட்டி பதினேழையும் எட்டையும் கூட்டுங்க. ஒரு வளைவு முடிந்து அடுத்த வளைவு வருவதற்குள் ஒரு கேள்வி, நான் ம் என்றால் விட மாட்டாள், வாயைத் திறந்து முழுசாகச் சொல்ல வேண்டும், தன் வீட்டு ஸ்டாப் வந்தும் இறங்காமல் கடைசிப் பிள்ளை இறங்குகிற வரைக்கும் கூடவே வந்து, நான் திரும்பி வருகிற வழியில் இறங்கிக்கொள்வாள். பிள்ளைக்குத் திடீரென்று பேச்சு வந்துவிட்டதே என்று அவள் அம்மாகூடச் சிரித்தாள், நானும் சிரித்தேன். பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் டிரைவரின் கண் இமைப்பதுகூடத் தெரிகிறது. அவள் பார்த்திருக்கிறாள். எட்டு வயசுப் பிள்ளை, யாரிடமும் சொல்லி என்னை மாட்டிவிடவும் மனசில்லை, பயமும் போகவில்லை, என்னைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலையைத் தானே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பத்துப் பிள்ளைகளையும் என்னையும் அவள்தான் பத்திரமாக வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள், சம்பளம் வாங்கினது நான். வெட்கமாக இருந்தது. பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம், வெட்கமாக இருந்தது.

"அண்ணா, அந்தப் பேனாவை என்கிட்ட குடுங்க" என்றேன். "நீங்க எழுதினா உங்களுக்குச் சங்கடம். நான் பாத்த வரைக்கும் வண்டியில பழுது இல்லைன்னு மட்டும் கீழ எழுதி சீல் வைங்க. மேல நான் எழுதிக்கறேன்." அவர் காகிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். எழுந்துபோய் வேன் சக்கரத்திலிருந்து தட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார், முதுகைக் காட்டிக்கொண்டு. எழுத்து பழக்கமே விட்டுப்போயிருக்கிறது, டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதோடு சரி. ஏப்ரல் மாதம் நாலாவது வளைவுக்கு அப்புறம் வேன் கல்லில் ஏறியதற்கு ஸ்டியரிங் காரணம் இல்லை. நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போது தூங்கிவிட்டேன். பயந்துபோய்ப் பொய் சொன்னேன். திரு. போஜன் செய்த வேலையில் எந்தக் குறையும் இல்லை. இப்படிக்கு, ஆ. பிலோமினா, டிரைவர். டிரைவர் என்று எழுதிவிட்டு அந்த வார்த்தையையே கொஞ்ச நேரம் பார்த்தேன். அடித்துவிடலாமா என்று தோன்றியது, அடிக்கவில்லை, இன்றைய தேதிக்கு அதுதானே உண்மை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, அலுப்புத்தான் வந்தது, உடம்பு முழுக்க, ஒரு மாதத்து அலுப்பு. இந்த நிலையில் வேனை மலைக்கு ஏற்றக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் பேசுவதற்கு முன்னால் பேச வேண்டியது வேறொருத்தரிடம். நம்பர் போனில் இருந்தது, போஜண்ணன் ஷெட், முந்தியெல்லாம் வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுகிற நம்பர். மூன்றாவது ரிங்கில் எடுத்தார்.

"சொல்லு பிலோமினா" என்றார். கோபம் ஒன்றும் தெரியவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் நலம் விசாரிக்கவில்லை. கையில் இருந்த காகிதத்தை அப்படியே படித்தேன், முதல் வரியிலிருந்து என் பேர் வரைக்கும், நடுவில் நிறுத்தினால் அப்புறம் படிக்க மாட்டேன் என்று தெரியும், அதனால் மூச்சு வாங்காமல் படித்தேன். "திங்கக்கிழமை மீட்டிங்கில இதை நானே நின்னு படிக்கப் போறேன்ணா. நீங்க கீழ வந்து வேனை ஓட்டிட்டு வர முடியுமா? நான் ஓட்டற நிலமையில இல்ல" என்றும் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதா என்று திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "எந்த நட்டுன்னு தெரியல பிலோமினா" என்றார். எனக்குப் புரியவில்லை. "எந்த நட்டை இறுக்காம விட்டேன்னு தெரியல. படுத்தா அதேதான். பிப்ரவரியில உன் வண்டியை மாட்டினது ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாப்பேன், முதல்ல இது, அப்புறம் இது, எல்லாம் இறுக்கின மாதிரிதான் ஞாபகம் வரும். அப்புறமும் நம்ப முடியாது. பதினோரு பிள்ளைங்க ஆச்சே. எந்திரிச்சு உக்காந்துக்குவேன்." குரல் இறங்கிவிட்டது, என்னிடம் பேசுகிற மாதிரியே இல்லை. "அன்னையில இருந்து நான் தூங்கல, தெரியுமா?"

அவர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சு வர்றேன், அதுவரைக்கும் நீ அந்த சாவியைத் தொடாத" என்றார். நான் சாவியை எடுத்துப் போய்க் குப்புராஜண்ணன் மேஜைமேல் வைத்தேன்.